நோரீன் கூப்பிடாத மூன்று பந்துகள்

நோரீன் சில்வர்ஸ்மித். பிறப்பு: 1965 மார்ச் 9, கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஓஸ்வீகன். கயூகா பழங்குடியினம்; தாய்வழியில் ஆமைக் குலம். தொழில்: 1991 முதல் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வார இறுதிப் பணி: போர்ட் ஹேல்டன் ஹெரன்ஸ் என்னும் தொழில்முறை லக்ராஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்களில் உதிரிப்பந்து எண்ணுபவர். பணிக்காலம்: 2002 டிசம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை, நோய்த்தொற்றால் நடக்காமற்போன ஒரு பருவம் நீங்கலாக இருபது பருவங்கள். எண்ணிய ஆட்டங்கள் 178. தவறவிட்டவை இரண்டு: ஒன்று தாயின் அடக்கம், மற்றொன்று பனிப்புயல்.

அவருடைய கடைசிப் பருவம் 2022 டிசம்பர் 3 அன்று தொடங்கி 2023 ஏப்ரல் 15 அன்று முடிந்தது. ஆட்டங்கள் பதினெட்டு, அவற்றில் உள்ளூரில் ஒன்பது. வெற்றி நான்கு, தோல்வி பதினான்கு.

லக்ராஸில் ஒவ்வொரு வீரரும் நுனியில் வலை கட்டிய ஒரு கோலால் பந்தை ஏந்தி ஆடுவார். யாருடைய கோலின் வலையிலும் இல்லாமல் தரையில் உருளும் பந்துக்கு இரு அணியினரும் மோத, அதை அள்ளியெடுப்பவரின் பெயரில் ஓர் உதிரிப்பந்து ஏறும். எதிராளி அருகில் இல்லாதபோது, தான் தவறவிட்டதைத் தானே எடுத்துக்கொண்டால் ஏறாது. விதி இவ்வளவுதான். சந்தேகம் வந்தால் எண்ணக் கூடாது என்பது நோரீன் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

எண்ணுவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கூப்பிட வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நோரீன் தளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டை எண்ணைக் கூப்பிடுவார். அவருடைய பள்ளித்தோழி பெவ் லாஃபர்ம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டு நிமிடத்தையும் குறிப்பார். இருவருக்கும் நடுவில் செருப்புப் பெட்டியின் மூடியை வெட்டிச் செய்த தடுப்பு ஒன்று நிற்கும். எவருடைய கணக்கு எவ்வளவு ஆயிற்று என்பது கூப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வாய் தானாக வளைந்துவிடும் என்பது நோரீனின் கருத்து. 2015இல் அவருடைய தங்கையின் மகன் டேவ்லின் மாரக்கிள் 27ஆம் எண் சட்டையோடு இந்த அணியில் சேர்ந்தபோது, நோரீன் விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். தடுப்பு இருக்கும்போது என்ன கவலை என்று அணியினர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரும் அதை நம்பினார்.

அந்தப் பருவம் தொடக்கத்திலிருந்தே நாற்றமெடுத்தது. இது உவமை அன்று. போர்ட் ஹேல்டன் அரங்கில் ஹாக்கிப் பனித்தளத்தின் மேல் பலகை அடுக்கி, அதன் மேல் பச்சைக் கம்பளம் விரிப்பார்கள். அந்த ஆண்டு பலகைகளின் இடுக்கில் நீர் கசிந்து, கம்பளத்தின் அடிப்பக்கம் அழுகிப்போயிருந்தது. வீரர்கள் விழுந்து எழும்போது முழங்கையில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணுவோர் மேசையின் மீது மேல்வரிசையிலிருந்து பீர் சொட்டியது. ஒரு முறை உருகிய பாலாடைக்கட்டிக் குழம்பு ஒரு கிண்ணம் முழுவதும் பெவ்வின் தாளில் கவிழ்ந்தது. ஜனவரி 21 அன்று 6–19 என்று தோற்ற ஆட்டத்தில், முன்வரிசை ஆள் ஒருவர் தம் அணியின் கோல்காப்பாளர் மீது துப்பினார். எச்சில் தடுப்புக் கண்ணாடியில் பட்டு, நோரீனின் கண்ணுக்கு நேரே மெதுவாக வழிந்தது. அவர் நாற்காலியை அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டு எண்ணினார். பிப்ரவரியில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார்.

மார்ச் மாதத்தில் விற்க வெற்றி எதுவும் மிச்சமில்லாத நிலையில், அணியின் விளம்பரப் பொறுப்பாளர் டிரென்ட் பாஷாம் தாள்களைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு பருவத்தில் ஒரே வீரர் அள்ளிய உதிரிப்பந்துகளின் லீக் சாதனை 238. டேவ்லின் அதை நெருங்கிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த உள்ளூர் ஆட்டத்தில் பெவ்வின் தாளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் முளைத்தது. அதை அழுத்தினால், தளத்துக்கு மேலே தொங்கும் பெரிய திரையில் 27இன் கணக்கு ஒன்று கூடும்.

"அத எடுங்க," என்றார் நோரீன்.

"எதுக்கு எடுக்கணும்? நீங்கதான் ஸ்டார் இங்க," என்றார் டிரென்ட். "ஜனங்க உங்ககூட சேர்ந்து எண்ணுவாங்க. பாட்டு, லைட்டு, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"கணக்கு என் கண்ணுல படக் கூடாது. இருபது வருஷமா படல."

"அப்போ பார்க்காதீங்க."

நோரீன் மறுவாரம் தம் கணவரின் பழைய தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் முன்விளிம்பைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். திரை மறைந்தது. ஆனால் கூட்டத்தின் வாய்க்குத் தொப்பி போட முடியவில்லை. 27 என்று அவர் கூப்பிட்ட மறுகணம் அரங்கம் புதிய எண்ணைக் கத்தியது. "சீ, என் வாய்க்குள்ள யாரோ கைய விட்ட மாதிரி இருக்குடி," என்றார் பெவ்விடம்.

"கைய விட்டா கடிச்சிரு. வா, சூப் ஆறுது," என்றார் பெவ். வெள்ளைச் சோளமும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் போட்ட சூப்பைப் பெவ் குடுவையில் கொண்டுவர, இடைவேளையில் இருவரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அன்று நோரீன் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

ஏப்ரல் 15, சனிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி. கடைசி ஆட்டம். டேவ்லினின் கணக்கு 225. சாதனையை முறியடிக்க இன்னும் பதினான்கு வேண்டும். ஓர் ஆட்டத்தில் பதினான்கு என்பது அரிது. ஆயினும் அரங்கின் வாசலிலேயே மஞ்சள் சட்டைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. முதுகில் டேவ்லினின் பெயர், மார்பில் 239. நோரீனின் தங்கை அதை அணிந்துகொண்டு நான்காம் வரிசையில் உட்கார்ந்து கையசைத்தார். நோரீன் பதிலுக்குக் கையசைத்தார். பின்னர் பெவ்விடம், "நடக்காத கல்யாணத்துக்கு சீர் வாங்கிட்டு வந்திருக்கா," என்றார்.

இடைவேளையில் டிரென்ட் ஒலிவாங்கியும் ஒரு மரக்கோலுமாக மேசைக்கு வந்தார். சுவரில் மாட்டுவதற்கென்று செய்த கோல். பளபளவென்று வார்னிஷ், நெகிழிக் கயிற்றில் பின்னிய வலை, கைப்பிடியில் அணியின் முத்திரை. அதை நோரீன் தம் கையால் டேவ்லினுக்குக் கொடுக்க வேண்டுமாம். கூட்டம் பார்க்க வேண்டுமாம். நோரீன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்க சனத்துல ஆம்பளைங்க ஆடுற மரக்கோலப் பொம்பளைங்க தொடுறதில்ல."

"சும்மா ஒரு நிமிஷந்தான்."

"ஒரு நிமிஷமும் இல்ல."

டிரென்ட் குனிந்து பைக்குள் துழாவி, மருத்துவமனைகளில் அணியும் நீலநிற ரப்பர் கையுறைகளை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுக்கிட்டுத் தொடுங்க. அப்போ தொட்ட மாதிரி ஆகாது, சரியா?"

பெவ் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை அடக்கவா வேறு எதையாவதா என்று தெரியவில்லை. கூட்டம் கைதட்டிக் காத்திருந்தது. தளத்தின் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டேவ்லின் நேராக வந்து, டிரென்டின் கையிலிருந்து கோலைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். போகும்போது, "பெரியம்மா, தொப்பி கோணலா இருக்கு," என்றான். நோரீன் அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் பகுதி முடிந்தபோது கூட்டம் கத்திய எண் 233. நான்காம் பகுதியில் நோரீன் இரண்டு முறை 27ஐக் கூப்பிட்டார்; கூட்டம் 234 என்றது, 235 என்றது. அடுத்து ஒரு பந்து யார் வலையிலும் சேராமல் தளத்தின் சுற்றுத்தடுப்பைத் தாண்டி வெளியே போயிற்று. கூட்டம் 236 என்றது. பாட்டின் இரைச்சலில் தாம் எதையோ கூப்பிட்டுவிட்டோமோ என்று நோரீனுக்கு ஒரு கணம் ஐயம். மறுபடி ஒரு முறை கூப்பிட்டார், 237. அதன்பின் டேவ்லினும் எதிரணியின் இருவரும் மூலையில் ஒரு பந்துக்கு முட்டிக்கொண்டார்கள். அதை அள்ளியவன் எதிரணிக்காரன். நோரீன், "எதிரணி, ஒம்பது," என்றார். கூட்டம், "இருநூற்று முப்பத்தெட்டு!" என்றது.

நோரீன் வாயை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் ஒட்டியிருப்பதை விரலால் தொட்டும் பார்த்துக்கொண்டார். டேவ்லின் மாற்றுவீரர் இருக்கைக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவனிடமிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. கூட்டம், "இருநூற்று முப்பத்தொன்பது!" என்று எழுந்து நின்றது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. மேலிருந்து மஞ்சள் காகிதத் துணுக்குகள் கொட்டி, அழுகிய கம்பளத்தில் ஒட்டிக்கொண்டன. கடிகாரத்தில் நான்கு நிமிடமும் ஆறு விநாடியும் மிச்சம்.

நோரீன் அட்டைத் தடுப்பை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தார். இருபது பருவங்களில் முதன்முறையாகத் தாளைப் பார்த்தார். பெவ்வின் விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது.

"நான் கூப்பிடல, பெவ்."

"கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சு."

"வாயவே தொறக்கல."

"இந்த நாறின சீசன்ல ஒரே ஒரு நல்லது நடந்துட்டுப் போகட்டும்டி. யாருக்கு நட்டம்? உன் தங்கச்சி அழுதுட்டிருக்கா, பாரு. சந்தோஷத்துல."

"எத்தன?"

பெவ் தாளைக் கையால் மறைத்தார். பிறகு கையை எடுத்தார். "மூணு," என்றார்.

ஆட்டம் மீண்டும் தொடங்கியது. மிச்சமிருந்த நிமிடங்களில் டேவ்லின் மெய்யாகவே ஒரு பந்தை அள்ளினான், நோரீன் கூப்பிட்டார், கணக்கு 240 என்று முடிந்தது. ஹெரன்ஸ் 9–13 என்று தோற்றதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காரில் ஓஸ்வீகனுக்குத் திரும்ப ஐம்பது நிமிடம் ஆயிற்று. இறங்கும்போது பெவ், "அந்தப் பையனுக்காகத்தான் செஞ்சேன்," என்றார். நோரீன் சூப் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். அது நிரம்பியிருந்தது.

லீக் விதியின்படி, ஆட்டம் முடிந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் உள்ளூர் எண்ணுவோர் கையொப்பமிட்டுத் திருத்தம் கோரலாம். ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளையும் தாள்களையும் பார்க்க அவர்களுக்கு அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நோரீன் சமையலறை மேசையில் மகளின் கணினியைத் திறந்து, கடைசி ஆட்டத்தை மெதுவாக ஓட்டினார். அந்த மூன்றும் தெளிவாக இருந்தன. பத்து மணிக்குள் வேலை முடிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே டிசம்பர் ஆட்டம் ஒன்றையும் போட்டார். தம் கூப்பீடு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று பார்க்கும் ஆசையும் இருந்திருக்கலாம்.

இரண்டாம் பகுதியில் நான்கு பேர் ஒரு பந்தின் மேல் குவிந்து கிடந்தார்கள். பந்து எவர் வலையில் சேர்ந்தது என்பது பதிவில் எந்தக் கோணத்திலும் தெரியவில்லை. அரங்கத்தில் அமர்ந்திருந்தவருக்கும் தெரிந்திருக்க முடியாது. பெவ்வின் தாளில் அந்த நிமிடத்துக்கு நேரே 27. அதைக் கூப்பிட்டது நோரீன். அப்போது பொத்தான் இல்லை, திரை இல்லை, கூட்டம் கத்தவில்லை. தாளை மறைத்த தடுப்பு உறுதியாக நின்றுகொண்டிருந்தது. அது தாளைத்தான் மறைத்தது. குவியலுக்குள் இருந்த ஒரு முதுகை, டேவ்லினுக்கு மூன்று வயதானபோது தாம் குளிப்பாட்டிய முதுகை, கண் தேடிப் போய்ப் பிடித்ததை அது மறைக்கவில்லை.

அவர் எழுந்து போய்த் தொட்டியில் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து மற்ற ஏழு ஆட்டங்களையும் பார்த்தார். ஞாயிறு முழுவதும், திங்கட்கிழமை காலைப் பேருந்து ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் இடையில், செவ்வாய்க்கிழமை காலையிலும். சந்தேகத்துக்கிடமான குவியல்களில் மற்ற வீரர்களின் எண்ணை அவர் கூப்பிடவே இல்லை. சேர்த்துக்கொண்ட விதியை அங்கே ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். 27க்கு மட்டும் ஒன்பது ஆட்டங்களில் பதினொரு முறை கூப்பிட்டிருந்தார். ஒவ்வொன்றின் நாளையும் நிமிடத்தையும் விநாடியையும் ஒரு நீல நோட்டில் எழுதினார். எழுத்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நண்பகல் டேவ்லின் வந்தான். அவனுக்குக் கூரை வேயும் வேலை. உடையில் தார் வாடை வீசியது. நோரீன் சூப் ஊற்றி வைத்தார். அவன் நோட்டைப் பார்த்தான். முதல் பக்கத்தை முழுவதும் படித்தான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான்.

"பெவ் சித்தி போட்ட மூணு மட்டுந்தானே?"

"அது அவ போட்டது. இந்தப் பதினொண்ணு நான் போட்டது."

"பெரியம்மா, எனக்கு முப்பத்தொண்ணு வயசு. முட்டிய ரெண்டு தடவ அறுத்தாச்சு. புது கோச் வர்றாரு. சாதனை பேர்ல இருக்கிற ஆள வெளிய அனுப்ப யோசிப்பாங்க. அது இல்லன்னா நான் ஒரு பழைய முட்டி, அவ்வளவுதான்."

"தெரியும்."

"உங்க வாயில வந்த நம்பர நான் கேட்டு வாங்கினேனா?"

"இல்ல. அதனாலதான் எனக்கு என்னை நெனச்சாலே குமட்டுது."

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் எண்றாங்க. பழைய சாதனைய வெச்சிருக்கிறவனுக்கு எத்தன பெரியம்மா இருந்தாங்களோ!"

"இருக்கலாம். அந்த ஊர் மேசையில நான் உக்காரல."

டேவ்லின் நோட்டை மூடித் தள்ளி வைத்தான். "அந்த அலங்காரக் கோல அன்னைக்கு நீங்க தொடக் கூடாதுன்னுதான் நான் வந்து வாங்கினேன்," என்றான்.

"தெரியும்டா."

"அம்மா அந்தச் சட்டையக் கழட்டவே இல்ல. தூங்குறப்பவும் போட்டுட்டிருக்கா. அவகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்." அவன் எழுந்தான். கதவருகில் நின்று, "அனுப்பத்தான் போறீங்க, இல்ல?" என்று கேட்டான். நோரீன் தலையசைத்தார். அவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலாம் என்று அவர் பின்னர் சொன்னார். சூப் பாதிக் கிண்ணம் மிச்சமிருந்தது.

பிற்பகல் 2:20 மணிக்கு, மாலை ஓட்டத்துக்கு முன்பு, பள்ளி அலுவலகக் கணினியிலிருந்து திருத்தம் போயிற்று. கோரிய கழிவு பதினான்கு: எழுதுபவர் சேர்த்தது மூன்று, கூப்பிடுபவர் சேர்த்தது பதினொன்று. பெவ்வின் பெயரைக் குறிப்பிடவில்லை. தம் பெயரை இரண்டு இடங்களில் எழுதியிருந்தார்.

மே 2 அன்று லீக்கிடமிருந்து ஒன்பது வரிப் பதில் வந்தது. ஏப்ரல் 15 ஆட்டத்தில் மூன்று கழிக்கப்படும். குவியல்களில் விழுந்த கூப்பீடு எண்ணுபவரின் தீர்ப்பு. அதை மறுபரிசீலனை செய்ய இடமில்லை. முந்தைய ஆட்டங்களுக்கோ கெடுவும் கடந்துவிட்டது. ஆகவே லீக் பட்டியலில் டேவ்லின் மாரக்கிளின் கணக்கு 237, நோரீனின் நீல நோட்டில் 226. பழைய சாதனை அப்படியே நின்றது.

அதே வாரத்தில் அணியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து எண்ணும் பணியை வேறு முறையில் ஒழுங்கமைக்கப் போவதாகவும், இதுவரை ஆற்றிய அன்பான சேவைக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. கீழே டிரென்டின் கையொப்பம். பக்கத்தில் அணியின் சின்னமான நாரை சிரிக்கும் படம். நோரீன் அதைப் படித்து, "அன்பான சேவையாம். தூ," என்றார். ஆனால் கிழிக்கவில்லை, நோட்டுக்குள் செருகி வைத்தார். ஜூன் மாதம் டேவ்லினையும் அணி விடுவித்தது. அவன் கோடையில் ஓஸ்வீகன் அணிக்காக ஆடினான். நோரீன் போய்ப் பார்த்தார், எண்ணவில்லை. கண் தானாக 27ஐத் தேடிப் போகும்போதெல்லாம் எதிரணியின் கோல்காப்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தானே வந்து சூப் கேட்டான். முழுவதும் குடித்தான், பருவத்தைப் பற்றிப் பேசவில்லை. பெவ் மட்டும் இன்னும் வரவில்லை.

விற்காத மஞ்சள் சட்டைகள் என்ன ஆயின என்பது ஆகஸ்ட் கடைசியில் தெரிந்தது. அணி அவற்றைப் பெட்டி பெட்டியாக ஓஸ்வீகன் பள்ளிக்கு நன்கொடையாக அனுப்பி, ஒப்படைக்கும் காட்சியைப் படமும் எடுத்துக்கொண்டது. எல்லாம் பெரியவர் அளவு. சிறுபிள்ளைகளுக்கு முழங்கால் வரை தொங்கின.

2023 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை, பள்ளி திறந்த முதல் நாள். காலை ஓட்டத்தில் நோரீனின் பேருந்தில் ஏறிய பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். மார்பில் 239 என்று அச்சிட்ட சட்டை அணிந்திருந்தவர்கள் பதினான்கு பேர்.